வண்டி போனது, பெயர் போகவில்லை

புது கார் பார்க்க ஷோரூமுக்குள் நுழைந்தால் எந்த மாடல், எந்த நிறம் என்று கேட்டு முடித்த கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும்: "பழைய வண்டி ஏதும் இருக்குங்களா சார்?" இருக்கிறது என்று சொன்னால் போதும். சற்று நேரத்தில் ஒருவர் டேப்லெட்டும் கையுமாக வெளியே வருவார். வண்டியை ஒரு சுற்று சுற்றுவார். நான்கு கதவையும் திறந்து மூடுவார், பானெட்டைத் தூக்குவார், பத்துப் பன்னிரண்டு படம் எடுப்பார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் நின்று யாருக்கோ போன் போடுவார். திரும்பி வந்து அவர் சொல்லும் விலை, பெரும்பாலும் நாம் மனதில் வைத்திருந்ததில் முக்கால் பங்குதான் இருக்கும்.

அந்த போனை எடுத்தவர் யார் என்பது முக்கியம். ஷோரூம்காரர்கள் எக்ஸ்சேஞ்சில் வரும் எல்லா வண்டியையும் தாங்களே வைத்து விற்பதில்லை. ஏழெட்டு வருடத்துக்குள், சிங்கிள் ஓனர், சர்வீஸ் முழுவதும் கம்பெனியில் செய்தது என்றால் தங்கள் செகண்ட் ஹேண்ட் கடையில் பாலிஷ் போட்டு நிறுத்துவார்கள். பன்னிரண்டு வருடத்து ஆல்டோவுக்கும் சான்ட்ரோவுக்கும் அங்கே இடம் கிடையாது; அதற்கு வாரன்டி கொடுக்க எந்தக் கம்பெனிக்கும் துணிச்சல் வராது. அப்படிப்பட்ட வண்டி ஓரிரு நாளில் ஒரு புரோக்கர் கைக்குப் போய்விடும். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் இவர்கள் கடை வாசலில் 'கன்சல்டிங்' என்று போர்டு தொங்கும். ஷோரூமில் நமக்குச் சொல்லப்பட்டது இந்தக் கன்சல்டிங்காரர் போனில் சொன்ன விலை, ஷோரூமின் பங்கைக் கழித்துக்கொண்டு. எக்ஸ்சேஞ்ச் என்றால் வண்டியைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டதாக ஒரு நிம்மதி வருகிறதே, பழைய வண்டியைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடலாம். 2013 வாக்கில் வாங்கிய வேகன்ஆர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஷோரூமில் 1.40 லட்சம் சொல்கிறார்கள். நாமே ஆள் பிடித்து விற்றால் 1.90 வரை போகும். இந்த ஐம்பதாயிரத்தைப் பார்த்ததும் வயிறு எரிவது இயல்பு. ஆனால் அது மொத்தமும் கொள்ளை அல்ல. வாங்கியவர் நான்கு டயரில் இரண்டையாவது மாற்ற வேண்டும், பம்பர் கீறலுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்க வேண்டும், ஆள் வரும்வரை முதலை முடக்கி வைத்திருக்க வேண்டும். வரியும் உண்டு. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய 55-வது ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய வாகன வியாபாரிகளுக்கான வரியை எல்லா வண்டிகளுக்கும் 18 சதவீதம் என்று ஒன்றாக்கியது. அதற்கு முன் சின்னக் கார்களுக்கு அது 12 சதவீதமாக இருந்தது. முழு விலைக்கும் வரி என்று அப்போது ஒரு பீதி கிளம்பியது. அப்படி இல்லை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே உள்ள லாபத்துக்கு மட்டும்தான். நீங்களும் நானும் நமக்குள் விற்றுக்கொண்டால் அந்த வரியும் கிடையாது.

ஷோரூமில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. "உங்க வண்டிக்கு ஒன்னு நாப்பது, எக்ஸ்சேஞ்ச் போனஸ் முப்பது, ஆக ஒன்னு எழுபது" என்று சேர்த்துச் சொல்வார்கள். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அந்த முப்பதாயிரம் பெரும்பாலும் புது வண்டியின் தள்ளுபடி. பழைய வண்டியின் கணக்கில் எழுதிக் காட்டுகிறார்கள், அவ்வளவே. பழைய வண்டியே இல்லாமல் போய் நின்றாலும் அதில் ஒரு பகுதி வேறு பெயரில் கிடைத்திருக்கும். எனவே முதல் நாள் பழைய வண்டியைப் பற்றி வாயே திறக்காமல் புது வண்டியின் கடைசி விலையை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு பழையதைக் காட்ட வேண்டும். இரண்டு காகிதம், இரண்டு தொகை. இதைச் செய்யாதவரை எவர் எவ்வளவு கொடுத்தார் என்பது விற்றவருக்கே தெரியாது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், "பேசாம டிரேட்-இன் பண்ணுங்கப்பா, டாக்ஸ் மிச்சம்" என்று போனில் யோசனை சொல்வதுண்டு. அங்கே பல மாநிலங்களில் பழைய காரின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் விற்பனை வரி. தமிழ்நாட்டில் சாலை வரி புது வண்டியின் விலைக்கு அப்படியே விழும். பழைய காரைக் கொடுத்தீர்களா இல்லையா என்று அது கேட்காது.

சரி, நாமே விற்கலாம் என்று இறங்கினால் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். விளம்பரம் போட்ட ஒரு மணி நேரத்தில் வரும் முதல் பத்து அழைப்பில் எட்டு, புரோக்கர்கள். "லாஸ்ட் எவ்ளோங்க?" என்பதுதான் வணக்கமே. உண்மையான ஆள் வந்தால் தனியாக வர மாட்டார், கூடவே ஒரு மெக்கானிக் வருவார். இந்த மெக்கானிக் வேலை செய்வதை நின்று பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைத் திறந்து, புகை குப்பென்று வருகிறதா என்று உள்ளங்கையைக் காட்டிப் பார்ப்பார். பானெட்டையும் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில் நகத்தை ஓட்டுவார்; ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் அந்தப் பாகம் ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், அதாவது எங்கேயோ மோதியிருக்கிறது. கதவு ரப்பரை இழுத்துவிட்டு உள்ளே வெல்டிங் புள்ளிகள் கம்பெனியில் வைத்த ஒழுங்கில் இருக்கின்றனவா என்று பார்ப்பார். சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுப்பார். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. சீட்டை மாற்றலாம், கார்பெட்டை மாற்றலாம். பெல்ட்டின் அடி நுனியில் படிந்த சேற்றுக் கறையைத் துடைக்க எவருக்கும் தோன்றாது. எல்லாம் பார்த்துவிட்டு, "வண்டி குறையில்லைங்க" என்பார். அதன் பிறகு கிளட்ச் ஐயாயிரம், டயர் பன்னிரண்டாயிரம், ஏ.சி. கேஸ் மூவாயிரம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார்.

இதற்கிடையே நம் ஊருக்கே உரிய தடங்கல்கள் தனி. ஆடியிலும் மார்கழியிலும் வீடு தேடி வந்து வண்டி எடுப்பவர்கள் குறைவு. தை பிறந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தை பிறந்தால் வண்டிக்கு ஒரு வயது கூடியிருக்கும். அதை விடுங்கள், பதிவெண்ணைக் கூட்டினால் எட்டு வந்துவிட்டால் போச்சு. இன்ஜின் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பாதிப் பேர் நம்பரைப் பார்த்ததுமே போனை வைத்துவிடுவார்கள், மீதிப் பேர் அதைச் சொல்லியே பத்தாயிரம் குறைப்பார்கள். எட்டாம் எண் வண்டி வைத்திருப்பவர் பேசாமல் ஷோரூமுக்குப் போய்விடலாம். டேப்லெட்டில் எண் கணித ஜோதிடத்துக்குக் கட்டம் இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறிவிட்டது. சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் செஸ்ஸும் என்பதிலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியது. மாருதி எஸ்-பிரெஸ்ஸோவின் தொடக்க விலையே 3.50 லட்சத்துக்குள் வந்தது. நான்கு வருடத்துச் சின்ன காரை மூன்றரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பத்து, பன்னிரண்டு வருடத்து வண்டிக்கு அந்த அடி அவ்வளவாக விழவில்லை. ஒன்றரை லட்சம் கையில் வைத்துக்கொண்டு, மழையில் நனையாமல் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்று தேடுபவருக்குப் புது கார் எப்போதுமே போட்டியில் இல்லை. அவருக்கு வேறு கவலைகள். எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எத்தனை வருடம் இருக்கிறது, இந்த எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய இன்ஜினுக்கு ஒத்துக்கொள்ளுமா, இப்படி. முதல் கேள்வி நியாயமானது. சொந்த வண்டியின் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும், அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பதினைந்து வருடம் முடியும் தறுவாயில் உள்ள வண்டியை விற்பவர், எஃப்.சி. எடுத்துவிட்டு விற்பதே மேல் என்பது என் எண்ணம். அந்தச் செலவைவிடக் கூடுதலாகவே விலையில் திரும்பி வரும், எஃப்.சி. இல்லாத வண்டியை வாங்க வருபவர் பெரும்பாலும் பழைய இரும்புக் கணக்கோடுதான் வருகிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம். பணத்தை மட்டும் பார்த்தால் என் தீர்ப்பு சுலபம்: வயது கூடக் கூட ஷோரூம் விலைக்கும் வெளி விலைக்கும் உள்ள இடைவெளி சதவீதக் கணக்கில் பெருத்துக்கொண்டே போகும். நேரமும் பொறுமையும் இருப்பவர் வெளியில் விற்கலாம், இல்லாதவர் அந்த இடைவெளியைக் கூலியாகக் கொடுத்துவிட்டுப் போகலாம். இதற்கு நடுப்பக்கத்தில் இத்தனை பத்தி தேவையில்லை. எவரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஆர்.சி.யிலிருந்து என் பெயர் எந்தத் தேதியில் நீங்கும்?

மோட்டார் வாகனச் சட்டத்தைப் பொறுத்தவரை எவர் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர். பணம் வாங்கியாகிவிட்டது, சாவி கொடுத்தாகிவிட்டது, முத்திரைத் தாளில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்பதெல்லாம் விபத்தில் அடிபட்டவரைக் கட்டுப்படுத்தாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், முதல் உரிமையாளர் 2007-இலேயே வண்டியை விற்றுவிட்டார். அது ஒருவரிடமிருந்து ஒருவராகக் கை மாறிக்கொண்டே போனது. 2009-இல் விபத்து. பதிவு மட்டும் முதல் ஆள் பெயரிலேயே இருந்தது. இழப்பீட்டுக்குப் பொறுப்பு அவர்தான் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அடிபட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது நீதிமன்றத்தின் நியாயம். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

விபத்தோடு போனால் பரவாயில்லை. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் விடியற்காலை கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு வெடித்த மாருதி 800, பல கைகள் மாறி வந்த வண்டி. முன்பு அதை வைத்திருந்தவர்களை எல்லாம் தேடிப் போலீஸ் போனது. 2025 நவம்பரில் டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் கை மாறிக் கை மாறி வந்ததுதான். விசாரணை முதலில் தட்டியது பதிவில் பெயர் இருந்தவரின் கதவை. இவை அபூர்வம் என்பது சரி. அன்றாடம் நடப்பது வேறு: விற்று ஒன்றரை வருடம் கழித்து, போகாத ஊரில் சிக்னலைத் தாண்டியதற்கு நம் போனுக்கு இ-சலான் வரும்.

பெயர் ஏன் மாறுவதில்லை? வாங்கிய புரோக்கருக்கு அதில் நஷ்டம். தன் பெயருக்கு ஒருமுறை மாற்றினால் ஆர்.சி.யில் ஒரு ஓனர் கூடிவிடுவார். செகண்ட் ஓனர் வண்டி தேர்ட் ஓனர் ஆனாலே விலை கணிசமாக விழும். ஆகவே அவர் கேட்பது பெயர் மாற்றத்துக்காகக் கையெழுத்துப் போட்ட படிவம் 29, படிவம் 30, ஆதார் நகல், இரண்டு போட்டோ. வாங்குபவர் பெயர் என்ற இடம் காலி. தேதி என்ற இடமும் காலி. இந்தக் காலிப் படிவம் வண்டியின் டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஈரோட்டிலிருந்து தஞ்சாவூருக்கும் அங்கிருந்து இன்னொரு ஊருக்கும் போகும். கடைசியில் வாங்கியவர் இன்சூரன்ஸ் முடியும்போதோ எஃப்.சி. வரும்போதோதான் அதை எடுத்துப் பார்ப்பார். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தவரின் படிவத்துக்கும் பல நேரம் இதே கதிதான். ஷோரூமின் குளிர்ந்த அறையில் கையெழுத்துப் போட்டதால் அந்தக் காகிதம் வேறு வழியில் போய்விடுவதில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் விற்கப் பயந்து ஷோரூமுக்குப் போகிறவர் ஐம்பதாயிரத்தையும் விட்டுவிட்டு, பயந்த அதே ஆபத்தையும் வீட்டுக்கு எடுத்துவருகிறார்.

இதைச் சரிசெய்ய மத்திய அரசு ஒரு முயற்சி எடுத்திருக்கிறது. 2022 டிசம்பரில் அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய வாகன வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், விற்கும்வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். ஓனர் எண்ணிக்கையும் கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் வியாபாரி அங்கீகாரம் பெற்றவராக இருந்தால்தான் இது செல்லும். தெருமுனைக் கன்சல்டிங் கடையில் 29சி என்று கேட்டுப் பாருங்கள். உங்களைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். பெரிய ஷோரூம்களிலும் கேட்டால்தான் தேடுகிறார்கள். ஷோரூமுக்குக் கொடுப்பதா வெளியில் விற்பதா என்ற கேள்விக்கு என் அளவுகோல் இந்தப் படிவம்தான். 29சி போட்டு ரசீது கொடுப்பவருக்கு இருபதாயிரம் குறைத்துக் கொடுத்தாலும் தகும். காலிப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பவர் ஐந்து நட்சத்திர ஷோரூமாக இருந்தாலும் அவர் புரோக்கர்தான்; அவரிடம் புரோக்கர் விலைதான் பேச வேண்டும்.

வெளியில் தனி ஆளுக்கு விற்பவர் கையில் ஒரு பழைய உத்தி இருக்கிறது. பேசிய விலைக்கு மேல் பத்தாயிரம் ரூபாயைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் காட்டியதும் திருப்பிக் கொடுப்பது. காட்டும் வேகத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இதைவிட நல்லது, வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து எண்ணை வாங்கிவிடுவது. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுத வேண்டும். காலை பத்து மணிக்கு விற்ற வண்டி பதினொன்றரைக்கு எங்கேயாவது இடித்தால் அந்த மணிதான் பேசும். கடன் அடைத்து வருடக்கணக்காகியும் ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்காமல் விட்டவர்கள் ஏராளம், வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் இல்லாமல் பெயர் மாற்றம் நகராது. ஃபாஸ்டேக்கை அன்றே மூடிவிட வேண்டும், இல்லையென்றால் அவர் சமயபுரத்துக்குப் போய்வர நீங்கள் டோல் கட்டுவீர்கள். ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அதே அளவு அபராதம் விழலாம்.

பலரும் கோட்டைவிடுவது நோ கிளெய்ம் போனஸை. கிளெய்ம் எடுக்காமல் ஐந்து வருடம் ஓட்டியவருக்குச் சொந்த சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம்வரை தள்ளுபடி சேர்ந்திருக்கும். அது வண்டியோடு போவதில்லை, ஆளோடு வருவது. விற்றதற்கான ஆதாரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கினால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் புது காருக்கு அதைப் பயன்படுத்தலாம். புது வண்டியின் சொந்த சேதப் பிரீமியம் இருபதாயிரம் என்றால் பத்தாயிரம் மிச்சம். மெக்கானிக் டயருக்குக் கழித்தது ஏறக்குறைய இதில் திரும்பிவிடும்.

இவ்வளவும் விற்பவன் தலையில் விழுவதுதான் எனக்கு உறுத்துகிறது. சட்டத்தின் 50-வது பிரிவு, விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. ஆனால் விற்றவர் தெரிவித்துவிட்டதால் மட்டும் அவர் பெயர் நீங்குவதில்லை. வாங்கியவர் மனது வைத்தால்தான் நீங்கும். பிரிட்டனில் விற்றவரே டி.வி.எல்.ஏ. தளத்தில் வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் பதிந்துவிட்டு விடுபடலாம். கலிபோர்னியாவில் விற்ற ஐந்து நாளுக்குள் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பைக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு வரும் பார்க்கிங் அபராதம் வாங்கியவரைத் தேடிப் போகும். இங்கேயும் அதற்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. வாகன் தரவுத்தளத்தில் உரிமையாளரின் செல்போன் எண் உண்டு. வாங்குபவரின் எண்ணுக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்பி, 'இந்த வண்டியை இன்று, இத்தனை மணிக்குப் பெற்றுக்கொண்டேன்' என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்தால் போதும். அந்த நொடியிலிருந்து சலானும் வழக்கும் அவரைச் சேரும் என்று விதியைத் திருத்தலாம். வியாபாரிக்குச் செய்துகொடுத்த 29சி வசதியைத் தனி ஆளுக்கு விற்கும் சாதாரணக் குடிமகனுக்கு மறுக்க என்ன காரணம் என்று போக்குவரத்து அமைச்சகம்தான் சொல்ல வேண்டும்.